கேட்டால் சொல்வேன்

வயலின் ரிப்பேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ‘ஒரே ஆள் தன் கையால் செய்தது’ என்று சான்றிதழோடு வாங்கிய கருவியை யாராவது கொண்டுவருவார்கள். மேல் பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாகச் சின்ன விளக்கையும் கண்ணாடியையும் விட்டுப் பார்த்தால், சான்றிதழில் உள்ள கதைக்கும் உள்ளே இருக்கிற மரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். என் வழக்கம், கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் வந்த வேலையை மட்டும் பார்ப்பேன். அது நியாயமான வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வயலின் டீச்சர் வந்துபோன பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் வந்தது ஃபிங்கர்போர்டு வேலைக்கு, அதாவது விரலால் தந்தியை அழுத்தும் கறுப்புப் பலகைக்கு. தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது, இழைத்துச் சமன் செய்ய வேண்டும். வழக்கமான கருங்காலியாக இருந்தால் எத்தனை முறை இழைத்தாலும் சீவல் கறுப்பாகவே வரும். இதில் கொஞ்சம் இழைத்ததுமே வெளிர் மரம் எட்டிப் பார்த்தது. கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரம்.

ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதையும் பார்க்காமல் இருக்க முடியாது. மேல் பலகையின் உட்பக்கத்தில் ஒரே இடைவெளியில் இணையாக ஓடும் வரிகள் இருந்தன. குடையும் இயந்திரம் விட்டுப்போனவை. ஸ்க்ரேப்பரால் சுரண்டி அழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. கையால் குடைந்த பலகையிலும் உளித் தடம் இருக்கும், ஆனால் அது இப்படி அளந்து வைத்தது போல் வராது. உள்ளே மூலைகளைத் தாங்க வேண்டிய முழுக் கட்டை இல்லை. எஃப் துளை வழியாகப் பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டை போலத் தெரியும்படி மெல்லிய துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். பலகை ஓரத்தில் ஓடும் மெல்லிய மரக் கோடான பர்ஃப்லிங் மட்டும் உண்மையிலேயே பதித்தது, அதில் ஏமாற்று இல்லை. லேபிளில் மசியால் எழுதிய ஒரு பெயர், வருடம், வரிசை எண், பக்கத்தில் பென்சில் கையெழுத்து. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் விட என்னை நிறுத்தியது வெளியே இருந்த தேய்மானம். பழைய வயலினில் வார்னிஷ் எங்கே போகும் என்பதற்குக் காரணம் உண்டு. இடது கை மேலே ஏறி உரசும் தோள்பக்கம், தாடை படும் இடம், பின்பலகையில் காறை எலும்பு படும் இடம். இதிலும் அங்கெல்லாம் தேய்ந்திருந்தது. கூடவே முன்பலகையில், கை போகாத ஓர் இடத்தில், மூன்று கீறல்கள். நடுவில் இருந்தது மட்டும் நீளம். இதே மூன்று கீறலை, இதே இடத்தில், நடுவில் இருந்தது நீளமாக, வேறொரு வயலினில் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் பையன் தந்தியை முறுக்கும் பெக் இறுகுகிறது என்று கொண்டுவந்தது. அதன் லேபிளில் இருந்தது வேறு பெயர்.

வேலையை முடித்தேன். சாயத்தைத் திரும்ப ஏற்றி, எண்ணெய் துடைத்து, தந்தி கட்டிக் கொடுத்தேன். டீச்சர் வாசித்துப் பார்த்தார். நன்றாகவே பேசியது. இதையும் சொல்ல வேண்டும், கருவி மோசமில்லை. மாணவர்கள் வாசிக்கும் வயலின்களில் அதைவிட மோசமானவை நிறைய என் மேசைக்கு வருகின்றன.

வழக்கப்படி இத்தோடு முடிந்திருக்கும். பணம் கொடுக்கும்போது அவர் சொன்னார்: “தம்பி, ரசீதுல ஹேண்ட்மேட் வயலின்னு போட்டுக் குடுத்துடுங்க. ஒரு ஸ்டூடண்ட் வீட்டுக்கு விலைக்குக் குடுக்கப் போறேன். கடை பேர்ல இருந்தா அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை.”

அப்படிப் போட முடியாது டீச்சர் என்றேன். ஏன் என்றார். ஏன் என்று சொன்னேன். வரிகளை விளக்கு வைத்துக் காட்டினேன், மூலையைக் காட்டினேன், குப்பைக் கூடையிலிருந்து அந்த வெளிர்ச் சீவலை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் நம்ப வேண்டுமே என்ற அவசரத்தில் நானாகவே மேலே போனேன்.

“இதே கீறலோட இன்னொண்ணு இங்கயே வந்துச்சு டீச்சர். அதுல வேற பேரு ஒட்டியிருந்துச்சு.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“அவர் கேட்கல.”

“நானும் கேட்கலையே, தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. பாடம் நடத்தும்போது தப்பான ஸ்வரத்தைச் சுட்டுவார்களே, அந்தக் குரல். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் அவரே தொடர்ந்தார்: “வித்தவன் இப்ப போனே எடுக்கறதில்ல. நான் குடுத்தா நான் ஏமாத்தறேன். குடுக்கலன்னா நஷ்டம் என்னோட நின்னுடும். அப்படித்தானே?” ஆமா என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன், அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருப்பதாகத் தெரியவில்லை. ரசீதில் ‘வயலின், ஃபிங்கர்போர்டு சமன் செய்தது’ என்று மட்டும் எழுதினேன். மடித்து வைத்துக்கொண்டு போனார்.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பையன் விஷயமும் டீச்சர் விஷயமும் ஒன்றல்ல. பையன் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை, யாருக்கும் விற்கப் போவதாகச் சொல்லவில்லை. அவன் வாசிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். டீச்சர் விஷயத்தில் என் கையெழுத்தோடு பொய் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். பழுது பார்ப்பவன் போலீஸ் இல்லை, ஆனால் பொய்க்கு முத்திரை குத்தவும் முடியாது. இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. பையனும் ஒருநாள் விற்பான் என்று நினைத்தால் அவ்வளவு சரியாக இல்லை. அன்றைக்கு அவன் நம்பி, மனசார, ‘கையால் செய்தது’ என்று இன்னொருவரிடம் சொல்வான். அந்தப் பொய்யை நிறுத்த எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, பெக்கைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். வார்னிஷ் பூசாத வெள்ளை வயலின்கள் தொழிற்சாலையிலிருந்து மொத்தமாகக் கிடைக்கும். வாங்கி, நிறமேற்றி, தேய்த்துப் பழசாக்கி, உள்ளே ஒரு லேபிள் ஒட்டினால் ஆயிற்று. முழு வயலினையும் ஒரே ஆள் கையால் செய்து முடிக்க ஏறக்குறைய 200 மணி நேரம் ஆகும் என்பார்கள். அந்த 200 மணி நேரத்துக்குத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். வெள்ளை வயலின் வாங்கி, உள்ளதைச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் இதில் கோடு எங்கே என்று கேட்டால் தடுமாறத்தான் வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் வயலின் குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் கழுத்து நுனியின் சுருளான ஸ்க்ரோலைச் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் பலகை குடைவார்கள், வேறொருவர் எல்லாவற்றையும் சேர்ப்பார். வியாபாரி அதற்குள் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் பெயரில் லேபிள் ஒட்டி அனுப்புவார். ஸ்ட்ராடிவாரி செத்ததோ 1737இல். அமெரிக்கா 1890ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தில் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான், அந்த இத்தாலியப் பெயருக்குக் கீழே ‘ஜெர்மனி’ என்று அச்சிட்டார்கள். தாத்தா வைத்திருந்த ஸ்ட்ராடிவாரி என்று வருகிற வயலின்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். அவற்றில் லேபிள் பொய், ஆனால் கைவேலை நிஜம். டீச்சருடைய வயலினில் கைவேலையே கொஞ்சம்தான். எது பெரிய பொய் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். மற்றவர்கள் முதலாவதைச் சொல்லலாம்.

எங்கள் கடையில் தொங்கும் சில வயலின்களின் அட்டையில் ‘ஹேண்ட் ஃபினிஷ்ட்’ என்று போட்டிருக்கிறது. தயாரிப்பவர்கள் போட்டு அனுப்பும் அட்டை. அதில் பொய் ஏதும் இல்லை, கடைசிப் பூச்சும் துடைப்பும் கையால் செய்தவைதான். வாங்குபவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். டீச்சர் அந்த அட்டைகளுக்குக் கீழே நின்றுதான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்து அதைப் பற்றியும் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

பெரிய இடத்து மோசடிக்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பழைய வயலின் விற்ற ஒரு வியாபாரிக்கு 2012இல் வியன்னா நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறை கொடுத்தது. அங்கே ஸ்ப்ரூஸ் மரப் பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி மரம் எந்தக் காலத்தது என்று சொல்ல நிபுணர்கள் கிடைப்பார்கள், வக்கீல்கள் கிடைப்பார்கள். டீச்சருடைய தொகைக்கு யார் வருவார்? நான் பார்த்ததையெல்லாம் தனியாக எழுதித் தந்தால் புகார் கொடுக்க உதவுமே என்று முதலாளியிடம் கேட்டேன். “நாம ரிப்பேர்தான் பண்றோம், சர்ட்டிஃபிகேட் குடுக்கறதில்ல” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாளைக்கு விற்றவன் எங்கள் மேல் வழக்குப் போட்டால் நான் நாலு போட்டோவைத்தான் காட்ட முடியும்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். பொய் சொன்னவன் பணத்தோடு போய்விட்டான். நான் வாயைத் திறந்த நேரத்தில் கருவி யார் கையில் இருந்ததோ, அவர் தலையில் எல்லாம் விழுந்தது. இன்னொரு கைக்கு மாறியிருந்தால் அந்த வீட்டார் தலையில் விழுந்திருக்கும், அது இதைவிட மோசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டீச்சர் என் பேச்சைக் கேட்டு விற்காமல் வைத்திருக்கிறார் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. வேறு கடையில் வேறு ரசீது வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரைத் திட்ட எனக்கு மனசு வராது.

அந்தப் பையனின் எண் கடை நோட்டில் இருக்கிறது. அவன் வயலினில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அப்போதே கொஞ்சம் வளைந்திருந்தது, அதற்காகவாவது ஒருமுறை வரச் சொல்ல வேண்டும். வந்தால் சொல்வேனா என்று கேட்டால், சொல்வேன் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அவன் வாசித்துக்கொண்டே உள்ளே வந்தால் எப்படியோ, தெரியாது.