2019ஆம் ஆண்டின் ஒரு கடிதத்தைக் கணினிக்குள் தேடி எடுத்த அனுபவம்

மண்டபத்தில் நண்டு வாங்கி அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அந்த ஓய்வில்தான் நாங்கள் பழைய கணக்குகளைப் புரட்டுவோம். எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்களும் அதே நாள்களில்தான் தங்கள் பழைய கணக்குகளைப் புரட்டுவார்கள் போலும். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு வெளியூர் ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் அனுப்பிய மூன்று லாட்டுகளில் சிறிய நண்டு கலந்திருந்ததாகவும், அதற்கான பிடித்தத்தை நாங்கள் அப்போதே ஒப்புக்கொண்டதாகவும், அந்தத் தொகை இன்னும் கழிக்கப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எடைச் சீட்டுகளை ஸ்கேன் செய்து இணைத்து, பிடித்தத்தை மறுத்து நானே எழுதினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதலாளியிடம் அதைச் சொன்னபோது அவர், "எழுதுனேன்னு சொன்னாப் பத்தாதும்மா, எடுத்துக் காட்டணும்ல" என்றார். எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது என்பதால், நாங்கள் வியாபார அஞ்சல் எதையும் அழிப்பதில்லை. அஞ்சல்கள் அனைத்தும் தண்டர்பேர்ட் என்ற நிரலில் அலுவலகக் கணினியிலேயே சேர்ந்திருக்கின்றன. தேடும் கட்டத்தில் அந்த நிறுவனத்தின் பெயரையும் 'நண்டு' என்ற சொல்லையும் இட்டேன். ஒன்றும் வரவில்லை. 'பிடித்தம்' என்று இட்டேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

அரை நாள் இப்படியே போன பிறகு, கடிதத்தை எழுதினோமா, எழுத நினைத்து விட்டுவிட்டோமா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. முதலாளியும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் கண்டுபிடித்தது என் பிழையை. அஞ்சல் பட்டியலுக்கு மேலே உள்ள சிறு கட்டம் அப்போது திறந்திருக்கும் கோப்புறையை மட்டுமே வடிகட்டிக் காட்டும். நான் வந்த அஞ்சல்களுக்கான கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு, அனுப்பிய கடிதத்தை அதில் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாக் கோப்புறைகளையும் சேர்த்துத் தேடும் கட்டம் சாளரத்தின் உச்சியில் தனியாக இருக்கிறது. அதில் தேடியபோது கடந்த ஓராண்டுக் கடிதங்கள் வந்தன; 2019 வரவில்லை. இணையத்தின் வழியே அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்ததிலும் பயனில்லை. எங்கள் கணக்கு பாப் முறையில் அமைந்தது; கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சில நாள்களில் சேவையகத்திலிருந்து நீக்கிவிடும். ஆகவே 2019ஆம் ஆண்டின் கடிதம் எங்காவது இருந்தால் இந்தக் கணினியில் மட்டுமே இருக்க வேண்டும்.

அதன் பிறகு செய்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பழைய கோப்புறையைத் திறந்து, 2019 அக்டோபரில் வந்த, கண்முன்னே தெரிகிற ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்து, அதன் தலைப்பிலிருந்த ஒரு சொல்லை அப்படியே தேடும் கட்டத்தில் இட்டேன். திரையில் இருக்கும் கடிதத்தையே அது இல்லை என்றது. குறை தேடலில் இருக்கிறது, என் நினைவில் இல்லை என்று அப்போதுதான் மனம் தெளிந்தது.

எங்கள் பழைய கணினி 2023ஆம் ஆண்டில் கெட்டுப்போனது. இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை; பெட்டியைத் திறந்தபோது உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நல்லவேளையாக வன்தட்டு பிழைத்தது. பழுது பார்க்க வந்த தம்பி பழைய அஞ்சல் கோப்புகளைப் புதிய கணினியில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்குள் நகலெடுத்து வைத்தார். அதை அவர் சரியாகத்தான் செய்திருந்தார். கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஆனால் கடிதம் வந்து சேர்வது வேறு, தேடுவதற்குரிய சொல்லடைவில் அது ஏறுவது வேறு என்பது எனக்குத் தெரியாது.

நாம் ஒரு சொல்லை இடும்போது, நிரல் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துப் படிப்பதில்லை. முன்னதாகவே தயாரித்து வைத்த ஒரு சொல்லடைவில், எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. கனத்த நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றது அது. அடைவில் விடுபட்ட சொல் நூலுக்குள் இருந்தாலும் இல்லாததாகிவிடும். தண்டர்பேர்டில் இந்த அடைவு, பயனரின் புரொஃபைல் கோப்புறைக்குள் 'குளோபல் மெசேஜஸ்' என்று தொடங்கி 'எஸ்க்யூலைட்' என்று முடியும் பெயருள்ள ஒரே கோப்பாக இருக்கிறது. கடிதங்கள் இருப்பது அந்தக் கோப்புக்கு வெளியே, வேறு கோப்புகளில்.

எங்கள் பழைய கோப்புறைகளின் மேல் வலச் சொடுக்கிட்டு 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியைத் திறந்தேன். அந்தக் கோப்புறையின் கடிதங்களைப் பொதுத் தேடலில் சேர்ப்பதற்கான கட்டத்தில் குறி இல்லை. கணினி மெதுவாக ஓடுகிறது என்று எப்போதோ நானே எடுத்துவிட்டிருக்கவும் கூடும். குறியை இட்டேன். அதே இடத்தில் 'ரிப்பேர் ஃபோல்டர்' என்ற பொத்தானும் உண்டு. ஒவ்வொரு கோப்புறைக்கும் கடிதங்களின் பட்டியலை வைத்திருக்கும் சிறிய துணைக் கோப்பு ஒன்று இருக்கிறது. அது மூலக் கோப்போடு பொருந்தாமல் போயிருந்தால் இந்தப் பொத்தான் அதைப் புதிதாக எழுதுகிறது. அதையும் அழுத்தினேன். இருந்தும் சோதனைக் கடிதம் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் இத்தகைய அடைவுக் கோப்புகள் சிதைவதுண்டு. எங்கள் அலுவலகத்தில் யூபிஎஸ் மின்கலம் செத்து நெடுநாள் ஆகியிருந்தது.

எஞ்சிய வழி, அடைவை நீக்கிப் புதிதாகக் கட்டவைப்பதுதான். கை நடுங்கியதை மறைக்க மாட்டேன். முதலில் நிரலை முழுவதும் மூடிவிட்டு, புரொஃபைல் கோப்புறையை அப்படியே ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்தேன். பிறகு அந்த அடைவுக் கோப்பை மட்டும், அழிக்காமல், வேறிடத்துக்கு நகர்த்தினேன். நிரலை மீண்டும் திறந்தபோது அது தானாகவே புதிய அடைவைக் கட்டத் தொடங்கியது. 'ஆக்டிவிட்டி மேனேஜர்' என்ற சாளரத்தில் எந்தக் கோப்புறை ஓடுகிறது என்று பார்க்கலாம். புது யூபிஎஸ் மின்கலம் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனேன். அடைவு கட்டும் வேலை மறுநாள் முற்பகல் வரை ஓடியது.

சோதனைக் கடிதம் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு வேண்டிய கடிதம் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் மேலும் ஒரு நாள் போனது. அனுப்பிய அஞ்சல்களில் 2019 நவம்பர், டிசம்பர் மாதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன். அப்போது ஒரு கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக, இடையிடையே அரைப்புள்ளிகளோடு திறந்தது. முன்பு எங்கோ பார்த்து, கெட்டுப்போன கடிதம் என்று கடந்துபோன நினைவு. இந்த முறை அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்ததும் கை தானாக மேசை மேல் அசைந்தது. நான் இளவயதில் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி முடித்தவள். 'யளனகப' என்று தொடங்கிய விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. அவை பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்ச் சொற்கள்.

யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கு நாங்கள் மாறியது 2020க்குப் பிறகுதான். அதற்கு முன் பாமினியில் தட்டி அப்படியே அஞ்சலில் ஒட்டி அனுப்பிவந்தோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழை அன்று, ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் கடிதம் தமிழாகத் தெரிந்தது. புதிய கணினியில் அதை யாரும் நிறுவவில்லை. ஆகவே ஒருங்குறியில் 'நண்டு' என்று இட்டுத் தேடினால், எத்தனை முறை அடைவைக் கட்டினாலும் அந்தக் கடிதம் அகப்படாது. அதற்குள் 'நண்டு' என்ற சொல்லே இல்லை.

விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, பழைய நாள்களில் 'நண்டு' என்று எப்படித் தட்டுவேனோ அதே விசைகளைத் தேடும் கட்டத்தில் தட்டினேன். திரையில் விழுந்தவை நான்கே குறிகள். மூன்றாவது குறி அரைப்புள்ளி. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அதுதான். அங்கேயும் ஒரு தடை இருந்தது. சொல்லடைவு கட்டும் நிரல் அரைப்புள்ளியைக் கண்டவுடன் சொல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்; எனவே 'நண்டு' அடைவில் இரண்டு துண்டுகளாக உடைந்து கிடக்கும். மெய்யெழுத்து வரும் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் இதே கதிதான்.

அடைவை நம்பாமல் கடிதங்களையே பிரித்துப் படிக்கும் பழைய முறை ஒன்று அந்த நிரலிலேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஃப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒரு தனிச் சாளரம் திறக்கும். கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, கடித உடலில் இந்தக் குறிகள் இருக்க வேண்டும், தேதி இதற்குப் பின் இதற்கு முன் என்று நிபந்தனைகளை அடுக்கலாம். மெதுவான முறைதான். ஆனால் எழுத்து வரிசை எப்படி இருந்தாலும், சொல்லின் நடுவில் இருந்தாலும், அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும். 2019 நவம்பர் 1க்குப் பின், டிசம்பர் 31க்கு முன் என்று வரம்பிட்டுத் தேடினேன். பதினோரு கடிதங்கள் வந்தன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தேடல் ஒன்றாகவே கொள்ளும். பாமினியிலோ ஆங்கில 'எல்' விசையின் சிறிய எழுத்து 'ட', பெரிய எழுத்து 'டு'. அதனால் தொடர்பில்லாத சிலவும் கலந்திருந்தன. ஏழாவதாக இருந்தது என் கடிதம்.

அதற்குத் தலைப்பே இல்லை. அவசரத்தில் அனுப்பியிருக்கிறேன். இணைப்புகள் மூன்றும் ஸ்கேனர் தானாக இட்ட எண்களையே பெயராகக் கொண்டிருந்தன. தண்டர்பேர்டின் பொதுத் தேடல் இணைப்பின் பெயரைப் பார்க்குமே தவிர அதற்குள் நுழையாது. நுழைந்தாலும் ஸ்கேன் செய்த எடைச் சீட்டு வெறும் படம் என்பதால் அதில் படிக்க எழுத்தே கிடையாது. லாட் எண்ணை வைத்து நான் தேடிய நேரமெல்லாம் இதனால்தான் வீணாயிற்று. பாமினி எழுத்துருவை நிறுவியதும் கடிதம் மீண்டும் தமிழாகத் திறந்தது. பிடித்தத்தை ஏற்க இயலாது என்று இரண்டாம் வரியிலேயே எழுதியிருந்தேன்.

அதை ஒருங்குறிக்கு மாற்றிய படியோடு, மூலத்தையும் எடைச் சீட்டுகளையும் சேர்த்து அன்று மாலையே அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து, அந்தப் பிடித்தத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாக ஒரு வரிப் பதில் வந்தது. முதலாளி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இந்த மாதிரி இங்கிலீசு எழுத்தாக் கெடக்குறது இன்னும் எத்தனை இருக்கும்மா?" என்றார்.

நிறையவே இருந்தன. தடைக்காலத்தின் மிச்ச நாள்களில் அனுப்பிய அஞ்சல்களை வரிசையாக எடுத்து, எழுத்துரு மாற்றியின் வழியே ஒருங்குறியாக்கி, மூலத்தின் தேதியைப் பெயராக வைத்துத் தனிக் கோப்புறையில் சேர்த்து வந்தேன். மாற்றியவற்றிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. 'கொ', 'தொ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் நிரல்களும் உண்டு, கொள்ளாதவையும் உண்டு. ஆகையால் 'தொகை' என்று தேடுவதை விட்டுவிட்டு, இத்தகைய எழுத்து இல்லாத 'பிடித்தம்', 'எடை' போன்ற சொற்களையே பயன்படுத்துகிறேன். 'கடற்பாசி' என்று எழுதியதைப் 'பாசி' என்று தேடினாலும் அடைவுத் தேடலில் வராது என்பதால், புணர்ந்த சொற்களை நாங்கள் தலைப்பில் பிரித்தே எழுதுகிறோம். தமிழாசிரியர் யாரும் பார்த்தால் கோபிப்பார்கள்.

2016ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போய்ச் சேர்ந்தபோது ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்தது. மறுநாள் விடியும் முன்னரே படகுகள் கிளம்பிவிட்டன. மாலையில் எடை மேடை நிறையச் சரக்கு வந்தது. 2016க்கு முந்தையவை அடுத்த தடைக்காலத்துக்குக் கிடக்கின்றன.