மோட்டாரில் ஏற முடியாத மாதங்கள்

கர்ப்பத்தின் ஆறாம் மாதம். கிளினிக்குக் கிளம்ப, கணவர் மோட்டார் சைக்கிளை முடுக்கி நின்றார். பின்னால் ஏறக் காலைத் தூக்கினேன். தொடைகள் சேரும் இடத்தில், முன்பக்க எலும்பில், யாரோ பிளந்ததுபோல் ஒரு வலி. தூக்கிய காலை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து வீட்டுக்கு இரண்டே படிகள். அவையும் மலையாகிவிட்டன. மாமியார் சூடு என்று வெந்தயம் ஊறவைத்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி வாயு என்று சீரகத் தண்ணீர் கொடுத்தார். இரண்டையும் குடித்தேன். கிளினிக்கில் மிஸி, அதாவது தாதி, “இரண்டாவது பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்” என்று கர்ப்பப் பதிவுகள் எழுதும் பிங்க் புத்தகத்தில் எடையை மட்டும் எழுதி அனுப்பினார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அடுத்த முறை வேறொரு மிஸி. ரத்தம் படுகிறதா, நீர் கசிகிறதா, வலி விட்டுவிட்டு வருகிறதா, சிறுநீர் எரிகிறதா, காய்ச்சல் உண்டா, பிள்ளை நன்றாக அசைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்படி ஏதாவது தெரிந்தால் வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றார். பிறகு, “உடுத்தும்போது ஒற்றைக் காலில் நிற்கிறீர்களா?” என்றார். நிற்கிறேன், அப்போதுதான் உயிர் போகிறது. டாக்டர், ஈப்போ நகருக்கு, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்த பெண் இரு கைகளின் விரல் நுனிகளையும் சேர்த்துக் காட்டினார். இடுப்பெலும்பின் இரு பக்கமும் முன்னால் இப்படித்தான் சேர்கின்றனவாம். கர்ப்பத்தில் அந்த இணைப்பு தளர்கிறது. உடல் பாரம் ஒரே காலில் இறங்கும்போதும், கால்கள் அகலும்போதும் இழுத்து வலிக்கிறது. ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருவதுதான், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஈப்போ போயிருக்கலாம்.

மோட்டார் அன்றோடு நின்றது. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் போனோம். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் பின்புறமாக உட்கார்ந்து, முட்டிகளைச் சேர்த்துக்கொண்டு உடலோடு திரும்ப வேண்டும். பை வழுக்கிக் கொடுக்கும். கட்டிலில் புரளும்போதும் முட்டிகள் பிரியக் கூடாது. நடுவே ஒரு தலையணை. கைலியை உட்கார்ந்தே மாட்டினேன். படியில் வலி குறைந்த கால் முதலில் ஏறும், மற்றது அதே படியில் வந்து சேரும். குந்தி உட்கார்ந்து துணி துவைப்பதைக் கணவர் ஏற்றார். அது மாமியாருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. நடக்கும்போது கட்ட ஒரு இடுப்புப் பட்டையும், தினமும் செய்யச் சில பயிற்சிகளும் கொடுத்தார்கள். வலி போகவில்லை, ஆனால் பாதியானது.

பிரசவத்துக்கு முன் என் முட்டிகள் வலியின்றி எவ்வளவு அகல்கின்றன என்று அளந்து, புத்தகத்தில் எழுதச் சொன்னேன். பிரசவ அறையில் அதைப் பார்த்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். அந்தப் பிளாஸ்டிக் பையில் அண்ணி மீன் வாங்கி வருகிறார்.