ஓரம் வெட்டப்பட்ட வெலிங்டன்

லண்டனில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு கடையில், வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் படம் கிடைத்தது. தகட்டில் செதுக்கி அச்சிட்டது. ஊட்டி ரயிலில் குன்னூரை அடுத்து வரும் வெலிங்டன் நிலையம் இவர் பெயரைத் தாங்கியதுதான். வாங்குவதற்கு அந்த ஒட்டுறவே எனக்குப் போதுமானதாக இருந்தது. செதுக்கியவர் யார், எந்த ஆண்டு என்பது கடைக்காரருக்குத் தெரியவில்லை.

வீட்டில் படத்தின் மரச்சட்டத்தைப் பிரித்தபோது காரணம் புரிந்தது. முன்பு மரச்சட்டம் போட்ட யாரோ கீழ் ஓரத்தை எழுத்துகளோடு கத்தரித்துவிட்டார். செதுக்குபடத்தின் ஜாதகமே அந்த ஓரத்தில்தான் இருக்கும். வழக்கமாக இடது மூலையில் ஓவியர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர். 1735இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டப்படி, காப்புரிமை வேண்டுமானால் வெளியிட்ட தேதியையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். இவ்வளவும் குப்பைக்குப் போயிருந்தது.

எனவே படத்தையே விசாரிக்க வேண்டியதாயிற்று. நகை பார்க்கும் லென்ஸை வைத்ததும் முதல் சந்தேகம் தீர்ந்தது. பிற்காலப் புகைப்பட அச்சு என்றால் சீரான புள்ளி வலை தெரிந்திருக்கும். இதில் முகம் முழுவதும் பொடிப் புள்ளிகள், மேலங்கியில் மட்டும் நீளக் கோடுகள். புள்ளிகள் அளவிலும் இடைவெளியிலும் ஒன்றுபோல் இல்லை. கன்னத்து நிழலில் நெருங்கி, நெற்றியில் கலைந்துபோகின்றன. தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, பிறகு சுரண்டி வெளிச்சம் கொண்டுவரும் மெஸோடின்ட் முறை இது இல்லை. கோடுகள் மிக மெல்லியவை, தொனி வெளிறிய சாம்பல். செம்புத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். 1820களில் பரவிய எஃகுத் தகடு ஆயிரக்கணக்கில் அச்சிடத் தாங்கும். இது எஃகு என்றே எனக்குத் தோன்றியது.

அடுத்து மூல ஓவியம். லண்டனில் ஹைட் பார்க் மூலையில் இருக்கும் ஆப்ஸ்லி ஹவுஸ் பிரபுவின் வீடு. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் லாரன்ஸ் தீட்டிய, கைகட்டி நிற்கும் வெலிங்டன் அங்கே இருக்கிறார். தலையின் சாய்வும் பார்வையும் அப்படியே பொருந்தின. ஓவியத்தைப் பார்த்தபடியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடம் வலமாகிவிடும். இடது மார்பில் அணிய வேண்டிய நட்சத்திரப் பதக்கம் வலதில் இருந்தால் அவசர நகல் என்று சந்தேகிக்கலாம். என்னுடையதில் சரியான பக்கம்.

இங்கேதான் விஷயம் சுவையானது. லாரன்ஸ் வரைந்தது 1815 வாட்டர்லூ வெற்றியை ஒட்டி. எஃகு அச்சுகள் பெருகிய காலத்தில் வெலிங்டன் பிரதமர். 1828 முதல் 1830 வரை ஆண்டார். தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்ததால் 1831இல் கூட்டம் இதே வீட்டின் ஜன்னல்களை உடைத்தது. அப்போதும் கடைகளில் விற்றது பழைய தளபதியின் முகம்தான்!

பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் வெலிங்டன் என்று தேடினால் தலை சுற்றும். லாரன்ஸை ஒட்டியவை என்று வடிகட்டி, நெருக்கமானவற்றைக் குறித்துக்கொண்டு, அச்சுப்பட ஆய்வறைக்கு முன்பதிவு செய்து போனேன். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். முகத்தைவிடத் தலைமுடியின் சுருள்களையும் மேலங்கி மடிப்புகளையும் ஒப்பிடுவதே பயன் தந்தது. ஒவ்வொரு செதுக்குநரும் அங்கேதான் தம் கைப்போக்கில் விளையாடுகிறார். முழுதாகப் பொருந்தியது எதுவும் கிடைக்கவில்லை. படத்தின் பின்னட்டையில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “லாரன்ஸை ஒட்டியது, எஃகாக இருக்கலாம், 1820களுக்குப் பின், செதுக்கியவர் தெரியவில்லை.”