புரத அளவை மட்டும் பார்த்து டிடிஜிஎஸ் வாங்காதீர்கள்

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது என்ற இலக்கை நோக்கி நாடு நகர்ந்ததிலிருந்து, மக்காச்சோளத்தையும் அரிசியையும் புளிக்கவைக்கும் ஆலைகள் பெருகி, அவற்றில் மிஞ்சும் டிடிஜிஎஸ் என்ற உலர்சக்கை தீவனச் சந்தைக்குத் தாராளமாக வருகிறது. வெண்பன்றிப் பண்ணையாளர்கள் பலர் சோயா புண்ணாக்கின் விலைக்கு அஞ்சி இதன் பக்கம் திரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூட்டையில் அச்சிட்ட புரத எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நொதித்தலில் செலவாவது மாவுச்சத்து. அது தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால், மீதமுள்ள புரதம், கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை சுமார் மூன்று மடங்காகச் செறிந்துவிடுகின்றன. எட்டு, ஒன்பது விழுக்காடு புரதமுள்ள மக்காச்சோளம் 27 விழுக்காட்டை ஒட்டிய சக்கையைத் தருவது இப்படித்தான். எனினும் வளரும் பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்னும் அமினோ அமிலம். மக்காச்சோளப் புரதத்தில் அது இயல்பாகவே குறைவு. போதாததற்கு, ஆலையின் உலர்த்தியில் சூடு மிஞ்சும்போது லைசின் சர்க்கரையோடு பிணைந்து, பன்றியின் குடலுக்குப் பயன்படாததாகிவிடுகிறது. சோயா புண்ணாக்கின் லைசினில் 90 விழுக்காடு வரை செரிக்கும் என்றால், இதில் சராசரியாக 60 விழுக்காடுதான் தேறும். மொத்தப் புரதத்தில் லைசின் 2.8 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது பன்றி ஊட்டவியலாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். 27 விழுக்காடு புரதமுள்ள சரக்கில் குறைந்தது 0.76 விழுக்காடு லைசின் இருக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் இந்த எண்ணைக் கேளுங்கள். கூடவே ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்: பொன்மஞ்சளாக, புளிப்பும் இனிப்பும் கலந்த மணத்தோடு இருந்தால் நல்லது, காப்பித்தூள் நிறத்தில் கருகல் வாடை வீசினால் விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல சரக்கோடும் செயற்கை லைசின் சேர்த்தே ஆக வேண்டும்.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். தானியத்தின் பாஸ்பரஸைப் பூட்டிவைக்கும் பைட்டேட் என்ற சேர்மம் நொதித்தலில் ஓரளவு சிதைவதால், இதிலுள்ள பாஸ்பரஸ் மக்காச்சோளத்தில் இருப்பதைவிட நன்றாகச் செரிக்கிறது. பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டின் செலவு குறையும்.

அமெரிக்க மக்காச்சோள மாநிலங்களில் வளரும் பன்றிகளுக்கு 30 விழுக்காடு வரை கொடுத்துப் பழகியிருக்கிறார்கள். அங்கே கண்ட சிக்கல் கொழுப்பில்தான்: சோள எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு பன்றியின் உடலில் அப்படியே படிவதால் வயிற்றுப் பகுதி இளகி, பேக்கன் என்ற பதப்படுத்திய வயிற்றிறைச்சியைச் சீவும்போது துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. நார்ச்சத்தால் குடல் கனத்து, உயிர் எடையில் கிடைக்கும் இறைச்சியின் விகிதமும் சற்றுக் குறைகிறது. வெட்டுக்கு அனுப்புவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே இதை நிறுத்துவது இந்த இரண்டு சிக்கலுக்கும் உதவும்.

நம் ஊரில் நான் அதைவிட அஞ்சுவது பூஞ்சை நச்சைத்தான். ஈரத்தில் கிடந்த தானியத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு நொதித்தலில் அழிவதில்லை. அதுவும் மூன்று மடங்காகச் செறிகிறது. ஸீரலினோன் என்ற மற்றொரு பூஞ்சை நச்சு இருந்தால் இளம் பெட்டைகளின் பிறப்புறுப்பு வீங்கி, சினைப்பிடிப்பு கெடும். ஆகவே நச்சுப் பரிசோதனை அறிக்கை இல்லாத சரக்கைச் சினைப்பன்றிக்கும் பால்மறந்த குட்டிக்கும் எந்த அளவிலும் கொடுக்காதீர்கள்.