கல்லீரலில் தேடியது தசையில் இருந்தது

என் மகனுக்கு நான்கு வயதில் காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் பல மடங்கு கூடியிருந்தன. அவ்வளவுதான், ஆளாளுக்கு அவன் கல்லீரலைப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் காமாலைப் பரிசோதனை, ஸ்கேன், கீழாநெல்லி, பத்தியச் சாப்பாடு என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு நொதிகளும் தசையிலிருந்தும் ரத்தத்தில் கலக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கல்லீரல் பழுதானால் பெரும்பாலும் கூடுகிற ஜி.ஜி.டி. அவனுக்கு எப்போதும் சரியாகவே இருந்தது.

இதற்கிடையில் அவன் படியேறக் கைப்பிடியைத் தேடத் தொடங்கியிருந்தான். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையூன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுவான். கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். “பந்தாட்டக்காரன் கால்” என்று என் தம்பி பெருமைப்பட்டுக்கொள்வான். தடுப்பூசிக்குப் போன இடத்தில், அவன் எழுந்த விதத்தைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், தசை பழுதானால் ரத்தத்தில் கூடுகிற சி.பி.கே. என்ற நொதியை அளந்து பார்க்க எழுதிக்கொடுத்தார். விலை அதிகமில்லாத சாதாரண ரத்தப் பரிசோதனைதான். சில நூறுக்குள் இருக்க வேண்டிய அளவு 18,000-ஐத் தாண்டியிருந்தது. டுஷென் தசைச்சிதைவு: தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும் மரபணு நோய்.

உறுதிப்படுத்தத் தசையை வெட்டியெடுப்பார்களோ என்று பயந்தோம். ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையே போதுமானதாக இருந்தது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணுவில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள் உண்டு; அவற்றில் 45 முதல் 50 வரை இவனுக்கு இல்லை என்று அறிக்கை வந்தது. ஆராய்ச்சி உலகில் என் மகனின் விலாசம் இந்த எண்கள்தான். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சென், உடம்பை 51-ஆம் எக்ஸானைத் தாண்டிப் படிக்கவைத்து, குறையோடாவது அந்தப் புரதத்தை உருவாக்கவைக்கும் மருந்து. இவனைப் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கானது. ஆசையோடு கேட்டேன். அதனால் உருவாகும் புரதம் மிகச் சொற்பம், செலவோ கோடிக்கணக்கில் என்றார் மருத்துவர். மழுப்பாத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இத்தகைய மருந்து ஆய்வுகளுக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதும் இந்த எண்களை வைத்துத்தான் என்பதால், நோயாளிகள் பதிவேட்டில் பெயரைச் சேர்த்தோம்.

வீட்டுக் கச்சேரி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்று காதில் விழுந்ததும், “உங்கள் வம்சத்துச் சீக்கு” என்றார் மாமியார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குத் தாயிடம் எதுவும் இல்லாமல் புதிதாகவே இது உண்டாகிறது. நானும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டேனா என்று வேண்டாத தெய்வமில்லை. ஆனால் நான் பழுதான மரபணுவைச் சுமப்பவள் என்றே முடிவு வந்தது. மரபணு ஆலோசகர் மாமியாரையும் எதிரில் உட்காரவைத்து, சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம், உங்கள் மருமகளுக்கு இதய ஸ்கேனான எக்கோ எடுக்க வேண்டும் என்றார். எக்கோவுக்கு என்னோடு வந்தது அந்த மாமியார்தான்.

வரன் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கையிடம் சொல்வதா என்று அம்மா தவித்தார். நான் சொல்லிவிட்டேன். அவள் பரிசோதித்துக்கொண்டாள்; முடிவு அவளுடையது, இங்கே எழுத மாட்டேன்.

இப்போது டெஃப்லாசகார்ட் கொடுக்கிறோம். முகம் ஊதியிருக்கிறது, பசி அடங்குவதில்லை. இந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. தொடங்குவதற்கு முன்பே சின்னம்மைத் தடுப்பூசியைப் போட்டுவிடுவது நல்லது. எந்த அறுவைச் சிகிச்சையானாலும் மயக்க மருந்து தருபவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்; மயக்கம் தரும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தக் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து.

தமிழக அரசு தசைச்சிதைவுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் மருத்துவர் கடிதத்தோடு கேட்டதும் அவன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். கழிப்பறைக்குக் கைப்பிடி இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.