கைக்குழந்தைக்கு முகம் அடையாளம் தெரிகிறதா: சோதித்துப் பார்க்கும் முறை

"இந்த முகத்தை முன்னாடி பார்த்திருக்கியா?" என்று 4 மாதப் பிள்ளையிடம் கேட்க முடியாது. அதன் சலிப்புதான் நமக்கு வழி. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்க்கும் நேரம் குறையும். புது முகம் வந்ததும் கண் மறுபடி ஒட்டிக்கொண்டால், இரண்டும் வேறு என்று பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது.

மங்கலான அறை, அம்மா மடி, சுமார் 60 செ.மீ. தள்ளித் திரை. பிள்ளை சேர்ந்தாற்போல 2 விநாடி வேறு பக்கம் பார்த்துவிட்டால் படத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டுவோம். முதல் 3 தடவை பார்த்தது மொத்தம் 36 விநாடி என்று வையுங்கள். பிறகு அடுத்தடுத்து வரும் ஏதாவது 3 தடவையின் கூட்டுத்தொகை அதில் பாதிக்கு, அதாவது 18-க்குக் கீழே போனால் பழகிவிட்டது என்று கணக்கு. அதன் பிறகே புது முகம்.

கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். புதுப் படம் வந்ததும் அம்மாவின் உடம்பு தன்னையறியாமல் நிமிரும். பிள்ளைக்கு அது போதும். அதனால் அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நேரம் குறிப்பவருக்கும் திரையில் இருப்பது எந்த முகம் என்று தெரியக் கூடாது. தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு தொடங்குவது நல்லது. அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான். கடைசியில் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டுவோம். அதையும் பார்க்காவிட்டால் அது சலிப்பில்லை, தூக்கம்; அந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

படத்தில் தலைமுடிதான் பெரிய வில்லங்கம். பிறந்து 4 நாளான பிள்ளைகள் அந்நியப் பெண்ணைவிட அம்மா முகத்தை அதிக நேரம் பார்த்தன. இருவரும் தலையில் துணி கட்டி முடியை மறைத்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. 1995-இல் பிரான்சில் நடந்த ஆய்வு இது. ஆகவே ஒரு படத்தில் விரிந்த கூந்தல், இன்னொன்றில் கொண்டை என்று இருந்தால் நீங்கள் அளப்பது முகத்தை அல்ல. முடியையும் பொட்டையும் நீக்கி, அளவையும் வெளிச்சத்தையும் ஒன்றாக்குங்கள். ("அம்மாவை அது கண்டுக்கிச்சு" என்று பாட்டி சொல்வது பொய்யில்லை, குரலும் வாசனையும் அதில் சேர்ந்திருக்கின்றன.)

வயதையும் கலக்கக் கூடாது. 2002-இல் வெளியான ஆய்வில் 6 மாதப் பிள்ளைகள் குரங்கு முகங்களைக்கூட ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தன. 9 மாதப் பிள்ளைகளுக்கு மனித முகங்களில் மட்டுமே அது முடிந்தது. அது பின்னடைவில்லை, அன்றாடம் பார்க்கும் முகங்களுக்குக் கண் பழகியதன் விளைவு.

இன்னொன்று: பழகி முடிவதற்குள் அவசரப்பட்டு இரண்டு முகங்களையும் காட்டினால், சில பிள்ளைகள் பழைய முகத்தையே அதிக நேரம் பார்க்கும். "புதுசு தெரியவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். பழசு தெரிந்ததால்தான் அங்கே பார்க்கிறது.