லைன் நடுவே நிற்பது

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் மெஷினில் குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைன் நடுவே நின்று சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் ஆண். பல வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்த எனக்கு இதில் எதுவும் விநோதமாகப் பட்டதில்லை. சூப்பர்வைசர் என்றால் கத்தத் தெரிய வேண்டும், நமக்கு அது வராது, அத்தோடு விஷயம் முடிந்தது என்று இருந்தேன்.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வற்புறுத்தியதால் எங்கள் கம்பெனியில் பெண் டெய்லர்களைச் சூப்பர்வைசராக்கும் பயிற்சி வந்தது. பையர்கள் இப்படிச் செய்வது புதிதல்ல. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்காக அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007-லேயே 'பேஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. எச்.ஆர். மேடம் என் பேரைக் கொடுத்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. வகுப்பில் உட்காரும் நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டேன். உண்டு என்று உறுதியான பிறகே போனேன்.

முதல் சில வகுப்புகள் எனக்கு ஒட்டவேயில்லை. எழுந்து நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார்கள், கைதட்டச் சொன்னார்கள். விடிவதற்கு முன் எழுந்து சோறாக்கி, பிள்ளையைக் கிளப்பி, கம்பெனி வண்டியைப் பிடிக்கிறவளுக்கு முடியும் என்பதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமா? பக்கத்தில் இருந்த, பேட்லாக் மெஷின் ஓட்டும் அக்கா, "இதுக்கு நாலு டஜன் ஓட்டியிருக்கலாம் கண்ணு" என்றார். நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன்.

நிலைமை மாறியது ஐ.இ. (வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் பிரிவு) பையன் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்சோடு வந்த அன்றைக்கு. டார்கெட் எங்கிருந்து வருகிறது என்று போர்டில் எழுதிக் காட்டினார். ஒரு டீ-ஷர்ட்டை முழுதாகத் தைக்க ஆகும் நிலையான நேரம் 6 நிமிஷம் என்று வையுங்கள். இதைத்தான் ஆபீஸில் எஸ்.ஏ.எம். என்கிறார்கள். லைனில் 20 பேர், எட்டு மணி நேரம். ஆளுக்கு 480 நிமிஷம், மொத்தம் 9,600 நிமிஷம். ஆறால் வகுத்தால் 1,600 பீஸ். அது நூற்றுக்கு நூறு எஃபிஷியன்சி. லைன் வழக்கமாக 60 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 960 பீஸ்.

இவ்வளவுதானா! இத்தனை வருஷமாக போர்டில் சாக்பீஸால் எழுதிப்போட்ட நம்பரைச் சாமி வாக்கு மாதிரி பார்த்திருந்தேன். அது நாலாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும்தான். எனக்குக் கணக்கு நன்றாகவே வரும். பத்தாவதோடு நிறுத்தியது கணக்கு வராமல் இல்லை.

அடுத்த வாரம் பி.எம்., அதாவது புரொடக்ஷன் மேனேஜர், எங்கள் லைனுக்கு 1,300 பீஸ் டார்கெட் போட்டார். நான் அப்போது பயிற்சி சூப்பர்வைசர். கழுத்துப் பட்டியான ரிப்பை வைத்துத் தைக்கும் இடத்தில் மட்டும் பீஸ் மலையாகக் குவிந்திருந்தது. வாட்சை வைத்துப் பத்து பீஸ் பார்த்தேன். பீஸுக்கு 36 விநாடி. மணிக்கு நூறுக்கு மேல் வர வழியே இல்லை. அவர் கேட்கிற கணக்குக்கு மணிக்கு 160-க்கு மேல் வர வேண்டும்.

"சார், ரிப்புல ஒரே ஆள்தான் இருக்குதுங்க. இப்படியே விட்டா நாள் பூரா ஓட்டினாலும் 800 தாண்டாதுங்க."

"யாரு சொன்னது?"

"நானே டைம் எடுத்தேனுங்க. இன்னொரு மெஷின் போட்டீங்கன்னா 950 வரைக்கும் நான் பொறுப்புங்க."

அவர் வாட்சை வாங்கி அவரே அஞ்சு பீஸ் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்து லைனில் சும்மா கிடந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். போகிறபோது, "ஆயிரம் வரோணும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போனார். ஆயிரம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ரிப் டெய்லரை யாரும் திட்டவில்லை. என் குரலும் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பேசியது நான்தான், ஆனால் நான் சொன்னதை மறுக்க அவரிடம் எதுவும் இல்லை.

இன்னொரு வகுப்பையும் சொல்ல வேண்டும். வேறு யூனிட் ஆண் சூப்பர்வைசர்களையும் அன்று சேர்த்து உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் சத்தத்துக்குப் பேர்போன ஒருவரை டெய்லராக மெஷினில் உட்கார்த்தி, எங்களில் ஒரு பெண்ணைச் சூப்பர்வைசராக நிற்கவைத்தார்கள். அவள் அவர் தினமும் சொல்கிற வசனத்தையே எடுத்துவிட்டாள். "கை இருக்குதா, இல்ல வீட்ல வெச்சுட்டு வந்தியா?" முதலில் அவர் சிரித்தார். மூன்றாவது வசனத்தில் சிரிப்பு போய்விட்டது. தலை குனிந்தது, விரல்கள் துணியின் ஓரத்தைச் சுருட்டவும் பிரிக்கவும் ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வெளியிலிருந்து அதைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இப்போது என் லைனில் ஒடிசாப் பெண்கள் நாலைந்து பேர். தையல் விட்டு விட்டு விழுந்தால் நான் முதலில் ஊசியைப் பார்ப்பேன், பிறகு அடிநூலைக் கோக்கும் லூப்பரை. ஊசி வளைந்திருப்பதற்கு ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்? தமிழ் தெரியாத பிள்ளையிடம் கத்துவது இன்னும் வீண்.

இதெல்லாம் வைத்துப் பயிற்சியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு மனசில்லை. சூப்பர்வைசர் ஆனதும் ஓவர்டைம் கூலி போச்சு. மாசச் சம்பளம், நேரம் காலம் கிடையாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரம் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்று அப்போது இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதை அந்த வகுப்பில்தான் படித்தேன். படித்துவிட்டு லைனில் வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் இருங்க" என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். இந்த இடத்தில் தன்னம்பிக்கை வகுப்பு உதவாது.

அதற்கு வேறு மாதிரி ஏற்பாடு வேண்டும். 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று ஆலை நிர்வாகத்தோடு போட்டது. பெரிய பையர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பெண்களுக்கு எதிரான சீண்டலைத் தடுக்க 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களையே கண்காணிப்பாளராக்கினார்கள். பயிற்சியோடு அதிகாரமும் சேர்ந்து வந்தது. என் பயிற்சியில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

அடுத்த பேட்சுக்கு ஆள் சொல்லச் சொல்லி எச்.ஆரில் கேட்டார்கள். இரண்டு டெய்லர்கள் பேரோடு பி.எம். பேரையும் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன், காரணத்தோடு.